சுவருக்குக் கட்டிய சாரம்

குருநகரில் கடற்காற்றுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. கரையில் கிடக்கிற மணலை அள்ளி வந்து வீடுகளுக்குள் கொட்டுவதுதான் அதன் தொழில். அங்குள்ள சனம் அதைப் பெரிதாக எடுப்பதுமில்லை. காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் தும்புத்தடியால் கூட்டி முற்றத்துக்குத் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. சுவர் தன்பாட்டில் இறங்கி நிலத்தைத் தொடும். மணல் ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருக்காது. ஐயோ பாவம், மணலுக்கு ஒதுங்க ஓர் இடமில்லையே என்று இரக்கப்பட்ட ஒரே மனிதர், கோயிலுக்குப் பின்தெருவில் கல்வீடு கட்டிய அடைக்கலநாதன்.

அடைக்கலநாதன் சுங்கக் கந்தோரில் கிளாக்கர். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் கடதாசிக் கட்டுகளைக் கொண்டுபோகும் போதெல்லாம் அங்கே சுவரடியில், நிலத்தை ஒட்டிச் சுற்றிவர ஓடுகிற தேக்குப் பலகையைப் பார்த்து ஏங்கிவிட்டு வருவார். ஒரு சாண் உயரப் பலகை. மேல் விளிம்பில் இரண்டு வரி இழைத்து அழகு பண்ணியிருப்பார்கள். பெரிய தெருவில் ஒல்லாந்தர் காலத்து வீடொன்றை இடித்தபோது அதே மாதிரிப் பலகைகள் ஏலத்துக்கு வந்தன. மனிதர் விடுவாரா? வண்டியில் ஏற்றி வந்து ஹோல், அறைகள், நடை என்று வீடு முழுக்கச் சுற்றி அடித்துவிட்டார். அதற்கு இங்கிலீசில் ஒரு பெயர் உண்டு. அவர் வாயில் அது நாளுக்கொரு மாதிரி வரும். ஊர்ச்சனம் பலகை என்றே சொன்னது.

அவருடைய மனைவி லூர்த்தம்மாவின் அண்ணன் யாகோப்பு, கரையில் தோணி கட்டுகிற ஓடாவி. பலகை அடித்து முடிந்த அன்று வந்து பார்த்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் காணும் மச்சான், சுவருக்குச் சாரம் உடுத்திவிட்டிருக்கிறீர்? அதுக்கென்ன வெக்கமே?"

லூர்த்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அடைக்கலநாதன் சிரிக்கவில்லை. துரைமார் வீட்டுச் சங்கதி தோணி செதுக்குகிறவனுக்கு எப்படி விளங்கும் என்று மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார்.

சாரம் உடுத்த சுவரைக் கழுவித் துடைக்கிற பாக்கியம் மகள் யசிந்தாவுக்குக் கிடைத்தது. தாய்க்கு முழங்கால் வாதம், குந்தினால் எழும்ப ஆள் பிடிக்க வேண்டும். தகப்பனுக்கோ கந்தோர் உத்தியோகம். ஆகவே கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்து, பூவேலையும் பியானோவில் பாதி அந்தோனியார் பாட்டும் பழகிய யசிந்தா, சனிக்கிழமை தோறும் வாளியும் பழந்துணியுமாக முழங்காலில் நின்று வீட்டைச் சுற்றி ஊர்ந்து வந்தாள். கடற்காற்று சும்மா மணலை மட்டும் கொண்டுவருவதில்லை, உப்பையும் குழைத்துக்கொண்டுதான் வரும். அந்த இரண்டு வரிக்குள் அது போய் இறுகிக் கிடந்தால், நகத்தால் கிண்டினாலொழிய வராது.

துடைத்து முடிந்ததும் தகப்பன் வருவார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துப் பலகை விளிம்பில் வைத்து ஒரு இழுவை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இந்தியாவிலிருந்து வந்த வள்ளத்தில் கள்ளச்சாமான் தேடுகிற கவனம் அது.

"பிள்ளை, வடக்குப் பக்கம் திருப்பித் துடைக்க வேணும். கையிலை பிடிபடுது."

"ஓம் பப்பா."

பப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். துரையின் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

யசிந்தா சோம்பேறி இல்லை. ஆனால் முழங்காலில் நிற்பது ஆண்டவருக்கு முன்னால் மட்டும்தான் என்று ஞானோபதேசத்தில் படித்த பிள்ளை. தேக்குப் பலகைக்கு முன்னால் நிற்பதில் அவளுக்கு விசுவாசம் வரவில்லை. ஆகவே பாடு குறைக்க வழி தேடினாள். முதலில் யாகோப்பு மாமாவின் கொட்டிலில் கிடந்த தடியொன்றின் நுனியில் துணியைச் சுற்றி, நின்றபடியே துடைத்துப் பார்த்தாள். தடி பலகையில் வழுக்கிச் சுவரில் கீறியது. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு ஓடியது. அதை மறைக்கச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு பலகையில் சிந்தியது. பிறகென்ன, மறுபடியும் முழங்கால்தான்.

அடுத்து காலைப் பிடித்தாள். துணியைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கையில் செபமாலையும் பிடித்தபடி சுவரோரமாக நடந்தால் வேலையும் முடியும், ஐம்பத்துமூன்று மணியும் உருண்டுவிடும். நல்ல முறை அது. ஆண்டவருக்கும் குறைவில்லை, முழங்காலுக்கும் நோவில்லை. கண்டுபிடித்த இரண்டாம் சனிக்கிழமையே பப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது. துரைமார் வீட்டுத் தேக்கைக் காலால் துடைக்கிறதோ என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக மாமா ஒரு சின்னப் பலகைக்கு அடியில் உருளைக்கட்டை பூட்டித் தந்தார். அதில் குந்தியிருந்து சுவரைப் பிடித்துத் தள்ளினால் வள்ளம்போல ஓடும். உண்மையாகவே ஓடியது. தகப்பன் வாசலால் வந்த நேரம் பார்த்து, அவருடைய காலுக்குள்ளேயே ஓடிப்போய் நின்றது. ஹோலுக்குள் தோணி இறக்குகிறீர்களோ என்று கேட்டுவிட்டு அவர் அதை அடுப்புக்கு விறகாக அனுப்பினார்.

அந்த நிலைமையில்தான் கலியாணப் பேச்சு வந்தது. சுண்டிக்குளியில் மாடிவீடு. மாப்பிள்ளை செபநாயகத்துக்குக் கொழும்பில் றெயில்வே கந்தோரில் வேலை. தகப்பன் இல்லை, தாய் மதலேனம்மாவின் கையில்தான் வீடு. பெருநாளன்று கோயில் முற்றத்தில் யசிந்தா அவனைக் கண்டிருக்கிறாள். மெலிந்த பையன், நல்ல சுருட்டை மயிர், சிரித்தால் பரவாயில்லை. பிடிக்கவில்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவள் அன்றைக்கு நித்திரையில்லாமல் கிடந்து யோசித்தது அவனுடைய சுருட்டை மயிரைப் பற்றியில்லை. கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த சினேகிதி ஒருத்தியிடம் அடுத்த நாளே போய்க் கேட்டாள்.

"கொழும்பிலை வாடகை வீடுகளிலை சுவரடியிலை பலகை இருக்குமோடி?"

"விசரே உனக்கு. வீட்டுக்குச் சுவர் இருந்தாலே புண்ணியம்."

யசிந்தாவுக்கு அந்தக் கணமே செபநாயகத்தின் மேல் அளவில்லாத அன்பு உண்டாகிவிட்டது. இந்தக் கலியாணம் எப்படியும் நடக்க வேண்டும் என்று ஊர்க் கோயில் அர்ச். யாகப்பருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அடைக்கலநாதனுக்குத் தலைகால் தெரியவில்லை. மதலேனம்மா வீட்டிலும் பலகை இருக்கிறதாம், அவவின் கண்ணுக்கு எங்கள் பலகை ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வீட்டைத் தலைகீழாக்கினார். யசிந்தா துடைத்தாள். காற்று மணலைக் கொண்டுவந்தது. திரும்பத் துடைத்தாள். காற்றுக்கும் வேறு வேலையில்லை. வியாழக்கிழமை அவள் பின்படியில் உட்கார்ந்து, சிவந்து தடித்துப்போன முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது யாகோப்பு வந்தார்.

"அழுறியோ பிள்ளை?"

"இல்லை மாமா. கண்ணுக்குள்ளை மணல்."

"உந்தப் பலகைக்கு ஒரு வழி இருக்கு. தோணிக்குப் பூசுறதைப் பூசிவிட்டால் என்ன? கடல் தண்ணியே அதிலை ஒட்டாது. உங்கடை வீட்டுத் தூசி ஒட்டுமோ?"

சுறா ஈரலைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் கரைத்தால் வருகிற சாமான் அது. மரத்தில் பூசிக் காயவிட்டால் கண்ணாடிபோல ஒரு தோல் பிடித்துவிடும். மாமா வெள்ளிக்கிழமை ஒரு சட்டி நிறையக் காய்ச்சிக்கொண்டு வந்து, வீடு முழுக்கப் பூசிக் கொடுத்தார். சனிக்கிழமை பார்த்தால் பலகை மின்னியது. இரண்டு வரியும் நிரம்பி மூடிப்போய், மணல் குந்தியிருக்க இடமில்லை. ஈரத்துணியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே இழுவை, அவ்வளவுதான். அடைக்கலநாதனின் கைலேஞ்சி வெள்ளையாகவே திரும்பி வந்தது. மனிதர் தன் மச்சானைப் பாராட்டவில்லை. ஆனால் குறையும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய சங்கதி.

மாமாவின் யோசனையில் பிழை பிடிக்க முடியாது, ஒரேயொரு காரியத்தைத் தவிர. அது நாறியது. சும்மா நாறவில்லை, கிழமைக் கணக்கில் வெய்யிலில் கிடந்த சுறாவை வீட்டுக்குள் அடக்கம் செய்துவிட்டு மேலே குங்கிலியப் புகை போட்டதுபோல நாறியது. அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை என்பதுதான் விசேஷம். பிறந்த நாள் தொட்டுக் கருவாட்டுப் பந்தலுக்குக் கீழ்க்காற்றில் வாழ்ந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு மணமா? அடைக்கலநாதன் மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கை முகத்துக்கு அலங்காரமாக மட்டும்தான் வைத்திருந்தார். மணல் வந்துவிடக்கூடாது என்று ஞாயிறு காலையே எல்லா யன்னலையும் இழுத்துச் சாத்தியும்விட்டார். மிச்ச வேலையை வெய்யில் பார்த்துக்கொண்டது.

பூசை முடிந்து வந்ததும் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், உம்மடை அண்ணை பின்னேரம் ஹோலுக்கை வரக்கூடாது."

லூர்த்தம்மா கையில் இருந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்தாள். "தாய்மாமன் இல்லாமல் என்ன கலியாணப் பேச்சு?"

"பேச்சு முடியட்டும், பேந்து பாப்பம். அவை கடல் தொழிலைக் கண்ணாலையும் காணாத பரம்பரை. தோணி ஓடாவியைக் கொண்டுவந்து கதிரையிலை இருத்தினால் என்ன நினைப்பினம்?"

நினைப்பதைப் பற்றி இவர் பேசுகிறாரே, இவருடைய தகப்பன் இதே கரையில் வலை இழுத்துத்தானே இவரைப் படிப்பித்தார் என்று லூர்த்தம்மாவுக்கு நெஞ்சு கொதித்தது. அவள் வாயைத் திறக்குமுன் பின்படியில் நின்ற யாகோப்பே முந்திக்கொண்டார்.

"விடு தங்கச்சி. நான் குசினிக்கை இருந்து தேத்தண்ணி ஊத்துறன். பிள்ளையின்ரை காரியம் ஒப்பேறட்டும்."

யசிந்தாவுக்கும் மனம் நொந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கொழும்பு வீட்டுச் சுவர் கண்ணுக்கு முன்னால் நேராக இறங்கி நிலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு பின்னேரம்தானே, மாமா பொறுத்துக்கொள்வார் என்று தன்னைத் தேற்றினாள்.

நாலு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. மதலேனம்மா பட்டுச் சீலையும் அட்டியலுமாக இறங்கினாள். பின்னால் செபநாயகம், வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி. அடைக்கலநாதன் கதவை அகலத் திறந்து, "வாங்கோ, வாங்கோ" என்று குனிந்தார். உள்ளே கால் வைத்த செபநாயகம் நின்றான். கண் கலங்கியது. கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைக்கிறவன்போல மூக்கில் வைத்தான், வைத்த கையை எடுக்கவேயில்லை. மதலேனம்மாவின் மூக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கியது. அவள் முகத்தில் வேறொரு மாற்றமும் இல்லை. வந்து கதிரையில் இருந்தாள்.

புது மன்னரின் படத்தைக் காட்டினார் அடைக்கலநாதன். யன்னல் கண்ணாடியைக் காட்டினார். எங்கிருந்தோ மூன்று பூனைகள் வந்து பலகையோரமாக வரிசையில் நின்று நக்கத் தொடங்கின.

"வீட்டுப் பூனையளோ?" என்று மதலேனம்மா கேட்டாள்.

"ஓம், ஓம், பிள்ளை ஆசையாய் வளக்கிறது," என்றார், வாழ்நாளில் அந்தப் பூனைகளைக் கண்டிராத அடைக்கலநாதன். "உந்தப் பலகை பாத்தியளோ? துரை பங்களாவிலை இருக்கிற அதே சாமான். பூச்சு சீமையிலையிருந்து எடுப்பிச்சது. இஞ்சை ஒருத்தரிட்டையும் கிடையாது."

"அப்பிடியே," என்றாள் மதலேனம்மா. "எங்களுக்கு உதுகள் விளங்காது. எங்கடை பரம்பரையிலை கடல் தண்ணியிலை கால் நனைச்ச ஆக்களில்லை."

யசிந்தா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். கடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே, இந்த மனுசி ஏன் அதைச் சொல்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கோப்பையை வாங்குகிற சாட்டில் மதலேனம்மா பக்கவாட்டில் குனிந்தாள். சுட்டுவிரலால் பலகையை அழுத்தித் தேய்த்தாள். விரலை மூக்கடிக்குக் கொண்டுபோனாள். அவளுடைய முகம் தானாக இளகியது.

"ஈரல் கொஞ்சம் கருகிப்போச்சு. நெருப்பை இழுத்துப்போட்டெல்லோ குங்கிலியம் போட்டிருக்க வேணும். புதுச் சுறாவுமில்லை, இது…"

சொல்லிக்கொண்டு போனவள் சட்டென்று நிறுத்தினாள். அறைக்குள் பூனைகள் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. செபநாயகம் கைலேஞ்சிக்குப் பின்னாலிருந்து தாயைப் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கெப்பிடி…"

"ஒரு புத்தகத்திலை கிடந்தது," என்றாள் மதலேனம்மா.

எந்தப் புத்தகம் என்று கேட்கிற துணிவு அந்த அறையில் ஒருவருக்கும் இருக்கவில்லை. சீமைப் பூச்சில் சுறா எங்கிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை. அடைக்கலநாதன் அவளுடைய புத்தகத்தை நம்பினார், அவள் அவருடைய சீமையை நம்பினாள். சம்பந்தம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

பேச்சை மாற்ற மதலேனம்மாவே முந்தினாள். "ஆர் உதைத் துடைக்கிறது?"

"நான்தான்," என்றாள் யசிந்தா.

"எங்கை, ஒருக்காத் துடை பாப்பம்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பாட்டுப் பாடச் சொல்வார்கள், பூவேலை காட்டச் சொல்வார்கள். யசிந்தா ஈரத்துணியை எடுத்து ஒரே இழுவையில் மேற்குச் சுவரை முடித்துக் காட்டினாள். மதலேனம்மா பலகையை ஒருதரம், பெண்ணை ஒருதரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எங்கடை வீட்டிலையும் உது கிடக்கு. என்ரை மனுசன் இருக்கேக்கை போட்டது, மேலையும் கீழையும். வேலைக்காரியள் ஒருத்தியும் நிண்டுபிடிக்கிறாளவையில்லை. எனக்குக் குனிய ஏலாது. பிள்ளையை எனக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு." கோப்பையைக் கீழே வைத்தாள். "தம்பி கொழும்பிலை சமறியிலை இருக்கிறான், நாலைஞ்சு பெடியளோடை. அங்கை பொம்பிளையைக் கொண்டுபோய் என்ன செய்யிறது? பிள்ளை என்னோடை இருக்கட்டும். அவன் நத்தாருக்கும் பெருநாளுக்கும் வருவான்."

அடைக்கலநாதனின் முகம் மலர்ந்தது. யசிந்தாவின் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் பலகை மாடிப்படியில் ஏறி, அறை அறையாகச் சுற்றி, முடிவே இல்லாமல் ஓடுவது தெரிந்தது. செபநாயகத்தைப் பார்த்தாள். அம்மா, அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். அவன் கைலேஞ்சியைக் கொஞ்சம் விலக்கினான்.

"அம்மா சொல்லுற மாதிரித்தான்," என்றுவிட்டுத் திரும்பவும் பொத்திக்கொண்டான்.

இவ்வளவு நேரமும் உண்மை வெளியே வந்துவிடக்கூடாதே என்று பயந்து நின்றவள், இப்போது அது வந்தால் என்ன என்று யோசித்தாள். மாமாவை ஒருதரம் கண்டால் போதும், கடல் தண்ணியில் கால் நனைக்காத மனுசி சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். தான் வாய் திறக்கவே வேண்டியதில்லை. ஈரத்துணியால் ஒரு இழுவை மாதிரித்தான். யசிந்தா குசினிக்குப் போய், அடுப்படியில் புகைக்குள் குந்தியிருந்த மாமாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாங்கோ மாமா, பலகை பூசினவரை அவை பாக்க வேணுமாம்."

யாகோப்பு சாரத்தை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்கத்தோடு வந்தார். அடைக்கலநாதன் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார்.

"உவர் வேலைக்கு வந்த ஓடாவி. கூலிக்கு," என்றார்.

வாசலில் நின்ற லூர்த்தம்மாவின் முகம் செத்துப்போயிற்று. யாகோப்பு அதைக் கேட்டதாகக் காட்டவில்லை. அவருடைய கண் மதலேனம்மாவில் நின்றது. பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

"இது மதலேனாவெல்லோ? மயிலிட்டி சவிரியான் அண்ணையின்ரை மகள். நான் அங்கை தோணி வேலைக்கு நிக்கேக்கை நீங்களும் கொம்மாவும் சேர்ந்து கரையிலை ஈரல்…"

"எனக்கு உந்த ஆளைத் தெரியாது," என்றாள் மதலேனம்மா. கழுத்தில் கிடந்த அட்டியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாகோப்பு அவளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடைசியாக யசிந்தாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது. பிள்ளையின் காரியம் கெட்டுவிடுமே என்று அந்த மனிதர் பயந்துபோனார்.

"ஓமோம், குறை நினையாதையுங்கோ. எனக்குக் கண் சரியில்லை, ஆள் மாறிப்போனன். நான் வேலைக்கு வந்தனான்தான்."

அவ்வளவுதான். ஒருவரும் சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மதலேனம்மா மூச்சை விட்டாள். அடைக்கலநாதன் மூக்குப்பொடி போட்டார். "அப்ப தவக்காலத்துக்கு முந்தி ஒரு நாளைப் பாப்பம்," என்றாள் மதலேனம்மா. "அதுதான் நல்லது," என்றார் அவர்.

யசிந்தாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. காலையில் இந்த மனிதரைக் குசினிக்குள் இருக்கவிட்டாள், பின்னேரம் தன் பாட்டைக் குறைக்க அவரையே இழுத்துவந்து சபையில் நிறுத்தினாள். அவர் அதற்கும் தலை குனிந்து கொடுத்துவிட்டார். இனி மிச்சம் இருந்தது தன் வாய் ஒன்றுதான். மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இவர் கூலிக்கு வந்தவரில்லை. என்ரை மாமா. அம்மாவோடை கூடப்பிறந்த அண்ணை," என்றாள். சொன்னதும் மிச்சமும் வந்துவிட்டது. "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். உங்களுக்குப் பலகை துடைக்க ஆள் வேணுமெண்டால் மகனைக் கேளுங்கோ. அவருக்குக் குனிய ஏலும்தானே."

மதலேனம்மா எழும்பினாள். வாசலில் யாகோப்பைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றாள். பிறகு வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு காரில் ஏறினாள். செபநாயகம் வெளியே போனதும் கைலேஞ்சியை எடுத்துவிட்டு ஆழமாக மூச்சு இழுத்தான். அன்றைக்கு அவன் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

கார்ச் சத்தம் தேய்ந்ததும் அடைக்கலநாதன் தொடங்கினார். குடும்ப மானத்தைக் கப்பலேற்றினாள் என்றார். வேறெந்தப் பெண்ணும் பலகை துடைத்துச் செத்ததில்லை என்றார். இந்த நாற்றமெல்லாம் போகும்வரை தினமும் இரண்டு நேரம் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்றும், இப்போதே தொடங்க வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். நாற்றம் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்ததாம்.

"நான் மாட்டன் பப்பா," என்றாள் யசிந்தா. சத்தம் போடவில்லை. வாளியைக் கொண்டுவந்து அவருடைய காலடியில் வைத்தாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். லூர்த்தம்மா விருந்தாட்களுக்கு வைத்திருந்த பலகாரத்தைத் தட்டு நிறையப் போட்டு, மதலேனம்மா எழும்பிப் போன கதிரையிலேயே தன் அண்ணனை இருத்திக்கொண்டிருந்தாள். கலியாணமாகி வந்த நாள் தொட்டு அவர் பக்கம் திரும்பாமல் அவள் நின்றது அதுதான் முதல்தரம்.

"உது ஒரு வேலையே? இஞ்சை பாருங்கோ எல்லாரும், எவ்வளவு நேரம் பிடிக்குதெண்டு," என்று அடைக்கலநாதன் கோட்டைக் கழற்றினார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தில் இறங்கினார். சவுக்காரம் பட்டதும் எண்ணெய் பிசுபிசுவென்று கையில் ஏறியது. வரிக்குள் இருந்ததை நகத்தால் கிண்டினார். பூனையொன்று வந்து கூட நின்று உதவி செய்தது. வாசல் நிலையிலிருந்து யன்னல் வரையும் ஊர்ந்தவர் அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு யன்னல் கம்பியைப் பிடித்து, ஒரு முழங்காலைத் தூக்கி, மற்றதைத் தூக்க முடியாமல், எட்டிப் பார்த்து நீளமாக ஓடுகிற மிச்சப் பலகையைக் கணக்கெடுத்தார்.

"உந்தப் பலகையாலை சுவர் மூச்சு விடேலாமல் கிடக்கு," என்றார் மெதுவாக. "கழட்டினால் ஹோல் இன்னும் பெரிசாய்த் தெரியும்போலை."

இத்தனை சனிக்கிழமை மகள் தேடி அலைந்த வழியை மனிதர் ஒரு சுவர் முடிவதற்குள் தானே கண்டுபிடித்துவிட்டார். படித்த மூளை என்றால் சும்மாவா?

"யாகோப்பு, பலகை கிளப்ப உம்மட்டை அலவாங்கு இருக்கோ?"

யாகோப்பு வாயிலிருந்த பலகாரத்தை ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"கூலிக்கு வந்த ஓடாவியிட்டையோ கேக்கிறீர்?"

அடைக்கலநாதன் இன்னும் ஒற்றை முழங்காலில்தான் இருந்தார். எழுப்பிவிட ஒருவரும் கிட்டப் போகவில்லை. அவர் கையிலிருந்த பழந்துணியைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"மச்சானிட்டைக் கேக்கிறன்," என்றார்.

யாகோப்பு தட்டை வைத்துவிட்டுப் போய் அவருக்குக் கை கொடுத்தார். அலவாங்கை எடுத்துவர யசிந்தா ஏற்கனவே கரைக்கு ஓடிவிட்டாள்.